பாதி வரைஞ்ச படம் அசிங்கமா தெரியுதா? ஓவியர் மோனேவோட கதையைக் கேளுங்க!

ஞாயிற்றுக்கிழமை மதியம். புதுசா வாங்கின பெயின்ட் ட்யூப்கள், வெள்ளை வெளேர்னு ஒரு கேன்வாஸ், போனில் பார்த்து வரைய ஒரு போட்டோ. முதல் ஒரு மணி நேரம் கை பறக்கும். வானம் வந்துவிடும், மலை வந்துவிடும், ஏரியும் ஏறக்குறைய வந்துவிடும். அதுக்கு அப்புறம்தான் வம்பு ஆரம்பிக்கும். மரம், பச்சைக் கறை மாதிரி இருக்கும். தண்ணீர், சிமென்ட் தரை மாதிரி தெரியும். சரிபண்ணலாம்னு பிரஷ்ஷை வைத்தால் கலரெல்லாம் கலந்து சேறாகிவிடும். கடைசியில் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, போனைக் கையில் எடுத்துவிடுவோம். அப்படிக் கட்டிலுக்கு அடியில் போன படங்கள் எத்தனை வீடுகளில் தூங்குதோ!

ஓவியம் பழகுகிற எல்லோருக்கும் தெரிந்த கட்டம்தான் இது. ஆரம்பத்தில் வெள்ளைத் துணியில் எந்தக் கலரை வைத்தாலும் அழகாகத்தான் இருக்கும். கடைசிக் கட்டத்தில், எங்கே என்ன குறை என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். நடுவில்தான் திண்டாட்டம். வானத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினால், அதுவரை சரியாக இருந்த தண்ணீர் இருண்டுபோகும். தண்ணீரைத் தொட்டால் கரை தப்பாகத் தெரியும். ஒன்றைத் தொட்டால் எல்லாமே நகரும். நமக்குத் திறமை இல்லையோ என்ற சந்தேகம் வருவதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

இந்தச் சந்தேகம் நமக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்தால், கிளாட் மோனேவின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். அல்லிக்குளப் படங்களால் உலகமே கொண்டாடும் அந்த பிரெஞ்சு ஓவியர், ஒரே ஒரு வேலையின் நடுக்கட்டத்தில் 12 வருடம் மாட்டிக்கொண்டு கிடந்தவர். அந்த 12 வருடத்துக்குள் ஓர் உலகப்போர் வந்து போனது, அவருக்குக் கண்பார்வையும் ஏறக்குறைய போனது.

வீட்டு ஓனரிடம் போன படம்!

1840 நவம்பர் 14-ம் தேதி பாரிஸில் பிறந்த மோனே, வளர்ந்ததெல்லாம் ல ஹாவ்ர் என்ற துறைமுக நகரத்தில். பள்ளி வயதிலேயே ஊர்ப் பெரிய மனிதர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து காசு பார்த்த கில்லாடிப் பையன். யூஜின் பூதான் என்ற ஓவியர்தான் அவரை வெளியே அழைத்துப்போய், கடலையும் வானத்தையும் நேரில் பார்த்து வரையப் பழக்கினார்.

1865-ல், 24 வயதில், மோனேவுக்கு ஒரு பேராசை வந்தது. காட்டுக்குள் நண்பர்கள் கூடி உட்கார்ந்து சாப்பிடுகிற காட்சி. அதை சுமார் 4 மீட்டர் உயரம், 6 மீட்டர் அகலத்தில் வரைய வேண்டும். நம் ஊர் சினிமா பேனர் சைஸ்! பாரிஸில் அரசு ஆதரவோடு நடந்த சலோன் என்ற கண்காட்சியில் அதை வைத்து, எல்லோரையும் அசத்திவிடுவதுதான் திட்டம்.

ஃபோன்டெய்ன்ப்ளோ காட்டுக்குப் பக்கத்தில் தங்கி, சின்னச் சின்னதாக மாதிரிப் படங்கள் வரைந்தார். நண்பரும் ஓவியருமான பசீல், படத்துக்கு போஸ் கொடுத்தார். பின்னாளில் மோனேவின் மனைவியான கமீலும் போஸ் கொடுத்தார். நடுவில் காலில் அடிபட்டு மோனே படுத்துவிட, பசீல் அந்தக் கோலத்தையும் ஒரு படமாக வரைந்து வைத்தார். குளிர்காலத்தில் பாரிஸ் ஸ்டூடியோவில் பெரிய கேன்வாஸில் வேலை ஆரம்பமானது. சின்னப் படத்தில் உயிரோடு இருந்த இலையும் வெயிலும், பெரிய படத்தில் மோனே நினைத்தபடி வந்து உட்காரவில்லை. கண்காட்சித் தேதியோ நெருங்கிக்கொண்டே இருந்தது.

மோனே கைவிட்டார். அவசர அவசரமாக, பச்சை உடையில் கமீல் நிற்கும் வேறொரு படத்தை வரைந்து அனுப்ப, அது நல்ல பெயர் வாங்கியது. பெரிய படம் சுருட்டப்பட்டது. 1878-ல் அர்ஜான்தோய் என்ற ஊரில் வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் போனபோது, அதை வீட்டு ஓனரிடமே ஈடாக விட்டுவிட்டுக் கிளம்பினார். 1884-ல் மீட்டுக்கொண்டு வந்து பிரித்துப் பார்த்தால், ஈரத்தில் ஊறி ஓரமெல்லாம் பூஞ்சை பிடித்திருந்தது. கெட்டுப்போன பகுதிகளை வெட்டி எறிந்தார். மிஞ்சிய துண்டுகளில் இரண்டு, இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இதில் ஒரு விஷயம் கவனியுங்க. அந்தப் படத்தின் நடுத்துண்டை, புகழும் பணமும் வந்த பிறகும் மோனே தன் ஸ்டூடியோவில் வைத்திருந்தார். நடுவழியில் விட்ட படம் ஒன்று, வயதான காலம்வரை அவர் கண் எதிரிலேயே இருந்தது.

இலைகளைப் பறிக்க ஆள் வைத்தவர்!

1866-ல் அடுத்த முயற்சி. தோட்டத்தில் நான்கு பெண்கள் இருக்கும் படம். இந்த முறை ஸ்டூடியோவே வேண்டாம், முழுக்க வெளியிலேயே வரைவது என்று முடிவெடுத்தார். ஆனா, கேன்வாஸின் உயரம் இரண்டரை மீட்டர். மேல்பகுதி கைக்கு எட்டாதே? தோட்டத்தில் பள்ளம் தோண்டி, கப்பி கட்டி, கேன்வாஸைக் குழிக்குள் இறக்கி இறக்கி வரைந்தார். இப்படிப் பாடுபட்டு முடித்த படத்தை, 1867 சலோன் கண்காட்சிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையில் காசில்லாத நண்பனுக்காக, பசீல் அதை 2,500 ஃபிராங்க்குக்கு வாங்கிக்கொண்டார். அதுவும் மாசம் 50 ஃபிராங்க் தவணையில்!

திறந்தவெளியில் வரைகிறவருக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. படம் பாதியில் இருக்கும்போதே, எதிரில் இருக்கிற காட்சி மாறிவிடும். 1889-ல் க்ரூஸ் பள்ளத்தாக்கில் இலையில்லாத ஓர் ஓக் மரத்தை மோனே வரையத் தொடங்கினார். மழை விட்டபாடில்லை. வேலை தள்ளிக்கொண்டே போனது. மே மாதம் வந்ததும் மரம் முழுக்கத் தளிர். குளிர்கால மரத்தைப் பாதி வரைந்து வைத்திருக்கிறவர் என்ன செய்வார்? மரத்தின் சொந்தக்காரருக்குக் காசு கொடுத்து, ஏணி வைத்து, இலைகளையெல்லாம் பறிக்க வைத்தார். வசந்த காலத்தில் மொட்டையாக நின்ற அந்த ஒற்றை மரத்தை வைத்துப் படத்தை முடித்தார்.

1891-ல் எப்ட் நதிக்கரையில் வரிசையாக நின்ற பாப்ளர் மரங்களை வரைந்துகொண்டிருந்தார். மரங்கள் பக்கத்து ஊரான லிமேவுக்குச் சொந்தம். ஊர் நிர்வாகம் மரங்களை ஏலம் விடப்போகிறது என்று செய்தி வந்தது. தேதியைத் தள்ளிப்போடக் கேட்டும் நடக்கவில்லை. மோனே நேராக ஒரு மர வியாபாரியிடம் போய், ஏலத்தில் தானும் பங்கு பணம் போடுவதாகவும், படங்கள் முடிகிறவரை மரங்களை வெட்டாமல் விட வேண்டும் என்றும் பேசி முடித்தார். இருபதுக்கும் மேற்பட்ட பாப்ளர் படங்கள் நமக்குக் கிடைத்தது அப்படித்தான்.

சுருட்டி வைத்த அந்தப் பெரிய படத்துக்குப் பிறகு, பாதிப் படத்தை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்காத மனிதராக அவர் மாறியிருந்தார்.

ஒண்ணு மக்கர் பண்ணினா அடுத்தது!

இந்த வருடங்களில்தான் மோனே தனக்கென ஒரு வேலைமுறையை உருவாக்கிக்கொண்டார். வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். காலையில் நீலமாக இருந்த வைக்கோல்போர், மாலையில் ஆரஞ்சாகிவிடும். ஒரே கேன்வாஸில் இரண்டையும் துரத்தினால் சேறுதான் மிஞ்சும். அதனால் ஒரே காட்சிக்குப் பல கேன்வாஸ்களை வைத்துக்கொண்டார். வெளிச்சம் மாறியதும், கையில் இருக்கும் படத்தை அப்படியே நிறுத்திவிட்டு அடுத்ததை எடுப்பார். மறுநாள் அதே நேரம், அதே வெளிச்சம் வந்தால் பழைய படத்துக்குத் திரும்புவார். பாப்ளர் படம் ஒன்றுக்குத் தேவையான வெளிச்சம் வெறும் ஏழு நிமிடம்தான் நீடிக்கும் என்று, அவர் பக்கத்து வீட்டில் கோடைகாலங்களில் தங்கிய அமெரிக்க ஓவியர் லில்லா கபோட் பெர்ரி எழுதிவைத்திருக்கிறார்.

இதில் இன்னொரு லாபமும் இருந்தது. ஆயில் பெயின்ட் சீக்கிரம் காயாது. ஈரமான கலர் மேல் கலரைப் போட்டுக்கொண்டே இருந்தால், எல்லாம் கலந்து மங்கிவிடும். காயவிட்டு, நாள் கழித்து மேலே அடுத்த பூச்சைப் போட்டால், அடிக் கலரும் தெரியும், மேல் கலரும் மின்னும். ஒரு படம் காய்கிற நாட்களில் மோனே வேறு படத்தில் இருப்பார். கோபமும் சலிப்பும் அந்த இடைவெளியில் கொஞ்சம் ஆறும்.

அதுக்காக எல்லாம் சுமுகமாகப் போனது என்று நினைத்துவிடாதீர்கள். 1892, 1893 ஆகிய இரண்டு வருடங்களும் குளிர்கால இறுதியில் ரூவான் நகரத்துக்குப் போய், அங்கிருந்த பெரிய தேவாலயத்தின் முகப்பை வரைந்தார். எதிரே கடைகளின் மாடியில் இடம் பிடித்து, ஒரே நாளில் பத்துக்கும் மேற்பட்ட கேன்வாஸ்களை மாற்றி மாற்றி வரைந்தார். ஒருநாள் ராத்திரி கெட்ட கனவு. அந்தத் தேவாலயம் நீலம், ரோஸ், மஞ்சள் என்று கலர் கலராக அவர் மேலேயே இடிந்து விழுந்ததாம்! பின்னாளில் மனைவியான ஆலிஸுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார். ஊரிலிருந்து பாதிப் படங்களோடுதான் திரும்பினார். பிறகு வீட்டில் உட்கார்ந்து மாதக்கணக்கில் வேலைபார்த்து, பெரும்பாலான படங்களில் 1894 என்று தேதி போட்டார். மொத்தம் முப்பதுக்கும் மேல். 1895-ல் அவற்றில் 20 படங்களைக் காட்சிக்கு வைத்தபோது பாரிஸே பேசியது.

கத்தியை எடுத்த ஓவியர்

நார்மண்டியில் ஜிவெர்னி என்ற கிராமத்துக்கு மோனே குடிவந்தது 1883-ல். முதல் மனைவி கமீல் 1879-ல், 32 வயதிலேயே இறந்துவிட்டார். மோனேவின் இரண்டு மகன்கள், ஆலிஸின் ஆறு பிள்ளைகள் என்று எட்டுக் குழந்தைகளோடு பெரிய குடும்பம். 1893-ல் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நிலம் வாங்கி, ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிக் குளம் வெட்டினார். வெளியூர்ச் செடிகளால் தண்ணீர் கெட்டுவிடும் என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். மோனே விடவில்லை. குளத்தில் அல்லி பூத்தது.

அதற்குப் பிறகு அவருக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. தண்ணீரில் தெரியும் வானம், மிதக்கும் இலை, அடியில் ஆடும் பாசி, இதெல்லாம் ஒரே தட்டையான துணியில் வர வேண்டும். வருடக்கணக்கில் போராடினார். 1908 மே மாதம், பாரிஸில் துராந் ருவெல் கேலரியில் கண்காட்சி வைக்க வேண்டிய நேரம். மோனேவுக்குப் படங்களைப் பார்க்கப் பார்க்கப் பிடிக்கவில்லை. கத்தியை எடுத்துக் குறைந்தது 15 படங்களையாவது கிழித்துப்போட்டார். கண்காட்சி ஒரு வருடம் தள்ளிப்போனது. 1909-ல் 48 அல்லிப் படங்களோடு நடந்து, பெரிய வெற்றியும் பெற்றது.

கிழித்த படங்களில் நல்லது எத்தனை இருந்திருக்கும்? யாருக்கும் தெரியாது. பாதியில் நிற்கும் படத்தைப் பற்றிய நம் கோபமான தீர்ப்பு எப்போதும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாதுதானே.

73 வயதில் ஒரு புது ஆரம்பம்

1911-ல் ஆலிஸ் இறந்தார். 1912-ல் மோனேவின் இரண்டு கண்களிலும் புரை இருப்பதாக டாக்டர்கள் சொன்னார்கள். 1914 பிப்ரவரியில் மூத்த மகன் ழான் இறந்துபோனார். மோனே பிரஷ்ஷைத் தொடுவதே குறைந்துபோயிருந்தது.

அந்த நேரத்தில் வீட்டில் இருந்தவர் பிளான்ஷ். ஆலிஸின் மகள், இறந்துபோன ழானின் மனைவி, தானும் ஓர் ஓவியர். சின்ன வயதிலிருந்தே மோனேவின் ஈசலையும் கேன்வாஸையும் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனவர். மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். அடிக்கடி வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும் இன்னொருவர், ஜார்ஜ் கிளெமென்சோ. பிரான்ஸின் முன்னாள் பிரதமர், படிப்பால் டாக்டர், மோனேவைவிட ஒரு வயது இளையவர். ஒரு பெரிய அறையைச் சுற்றி, சுவர் முழுக்க அல்லிக்குளமாகவே வரைய வேண்டும் என்பது மோனேவின் பழைய ஆசை. அதைத் தொடங்கச் சொல்லி கிளெமென்சோ உசுப்பேற்றினார். 1914-ல், 73 வயதில், மோனே மறுபடியும் பெரிய கேன்வாஸுக்கு வந்தார்.

சில மாதங்களில் முதல் உலகப்போர் வெடித்தது. இளைய மகன் மிஷெல் போர்முனைக்குப் போனார். கிராமத்தில் பலர் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். மோனே நகரவில்லை. 1915-ல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, சுமார் 75 அடி நீளம், 40 அடி அகலத்தில் கூரையில் கண்ணாடி வைத்த புது ஸ்டூடியோவைக் கட்டத் தொடங்கினார். கட்டிடத்தைப் பார்த்து, தோட்டத்தின் அழகையே கெடுத்துவிட்டோமே என்று அவரே நொந்துகொண்டார். உள்ளே, ஆறரை அடி உயரம், பெரும்பாலும் பதினாலு அடி அகலம் கொண்ட கேன்வாஸ்கள் சக்கரம் வைத்த சட்டங்களில் நின்றன. உருட்டி உருட்டிப் பக்கத்தில் வைத்து, ஒன்றின் கரையும் அடுத்ததன் தண்ணீரும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

இங்கேதான் அந்த நடுக்கட்டம் பூதாகரமாக வளர்ந்தது. ஒரு படத்திலேயே வானத்தைத் தொட்டால் தண்ணீர் மாறும் என்றோம் இல்லையா? இங்கே ஒரு கேன்வாஸைத் தொட்டால் அடுத்த கேன்வாஸும் மாறியாக வேண்டும். காய்ந்த பூச்சின் மேல் பூச்சு, அதன் மேல் இன்னொரு பூச்சு என்று வருடங்கள் ஓடின.

போர் முடிந்த மறுநாள், 1918 நவம்பர் 12-ம் தேதி, மோனே கிளெமென்சோவுக்குக் கடிதம் எழுதினார். கிளெமென்சோ அப்போது மறுபடியும் பிரதமர். அமைதி திரும்பியதன் நினைவாக இரண்டு படங்களை நாட்டுக்குத் தர விரும்புவதாகச் சொன்னார். இரண்டு என்பது பேசப் பேச வளர்ந்து, ஒரு தொகுதியாகவே ஆனது. சீன் நதிக்கரையில் ஒராஞ்சரி என்ற பழைய கட்டிடம் முடிவானது. ஒருகாலத்தில் அரண்மனைத் தோட்டத்தின் ஆரஞ்சு மரங்களைக் குளிரிலிருந்து காப்பாற்றக் கட்டிய இடம் அது. இதற்கு நடுவே, சலோன்காரர்கள் அன்று திருப்பி அனுப்பிய அந்தத் தோட்டத்துப் பெண்கள் படத்தை, 1921-ல் அரசாங்கமே 2 லட்சம் ஃபிராங்க் கொடுத்து வாங்கியது. 1922 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டே வருடத்தில் படங்களைக் கொடுத்துவிட வேண்டும்.

ட்யூப் லேபிளைப் படித்து வரைந்த நாட்கள்

கையெழுத்துப் போட்டவருக்கு அப்போது கண் சரியாகத் தெரியவில்லை என்பதுதான் கொடுமை. புரை முற்றி, உலகமே பழுப்பு மஞ்சளாகத் தெரிந்தது. எது சிவப்பு, எது பச்சை என்ற நிச்சயம் போனது. பெயின்ட் ட்யூபின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளையும், பேலட்டில் கலர்களை எப்போதும் ஒரே வரிசையில் வைக்கும் பழக்கத்தையும் நம்பி வேலைபார்த்தார். கண்கூச்சத்துக்காக அகல விளிம்பு வைத்த வைக்கோல் தொப்பி. அந்தக் காலத்தில் அவர் வரைந்த ஜப்பானிய மரப்பாலம் படங்களைத் தேடிப் பாருங்கள். பாலமே தெரியாத அளவுக்குச் சிவப்பும் பழுப்பும் கொழுந்துவிட்டு எரியும்.

ஆபரேஷன் என்றால் மோனேவுக்குப் பயம். பார்வையே போய்விட்டால்? கலரையே மறுபடி பார்க்க முடியாமல் போனால்? 1922-ல் வலது கண்ணில் ஏறக்குறைய வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. கிளெமென்சோ விடாமல் வற்புறுத்த, 1923 ஜனவரியில் டாக்டர் ஷார்ல் கூதெலா வலது கண்ணில் ஆபரேஷன் செய்தார். இன்று நம் ஊரில் காலையில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அன்று அப்படி இல்லை. கட்டுப்போட்ட கண்ணோடு, அசையாமல் நாட்கணக்கில் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். 82 வயது மோனே பொறுமை இழந்து கட்டைப் பிய்க்கப் பார்த்தார்.

பார்வை திரும்பியது. ஆனா, இப்போது எல்லாமே நீலமாகத் தெரிந்தது! விதவிதமான கண்ணாடிகளை மாற்றிப் பார்த்தார். நொந்துபோனார். இன்னொரு கண்ணைத் தொடவே விடவில்லை.

கண்ணே நம்பமுடியாத நிலையில், பாதிப் படங்களின் மேல் மறுபடி பிரஷ்ஷை வைத்தார். நன்றாக இருந்தவற்றையும் திருத்தினார். சிலவற்றைக் கெடுத்தார். சில படங்களைக் கிழித்தார், எரித்தார். கிளெமென்சோவுக்கு இப்போது புதுப் பயம் வந்தது. முடிக்கச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தவர், முடிந்த படங்களைத் தொடாதே என்று கெஞ்சவேண்டியதாயிற்று. விடாமல் உழைப்பது எப்போதும் நல்லதுதான் என்று நாம் நினைக்கிறோம். மோனே விஷயத்தில் அந்த உழைப்பே படங்களுக்கு ஆபத்தாக மாறிக்கொண்டிருந்தது.

நண்பனே கைவிட்ட நாள்

1924-ல் கெடு தேதி வந்தது, போனது. 1925 ஜனவரியில் மோனே அரசாங்கத்துக்கு எழுதிவிட்டார், படங்களைத் தர முடியாது, ஒப்பந்தத்தை ரத்து செய்துவிடுங்கள் என்று. கிளெமென்சோவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிளெமென்சோ கொதித்துப்போனார். பத்து வருடமாகத் தட்டிக்கொடுத்த மனிதர். ஒரு நாட்டுக்குக் கொடுத்த வாக்கை எவ்வளவு வயதானவரும் மீறக்கூடாது என்றும், இதுதான் முடிவென்றால் இனி முகத்தில் விழிக்கப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

86 வருட வாழ்க்கையில் மோனேவுக்கு நண்பர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பசீல் 1870-லேயே போரில் இறந்துவிட்டார். ரெனுவார் 1919-ல் போய்விட்டார். மிஞ்சியவர்களில் முக்கியமானவர் கிளெமென்சோ. அவரும் கோபித்துக்கொண்ட பிறகு, மோனே படங்களோடு தனியாக நின்றார்.

ரத்துப் பேச்சு அதோடு அடங்கியது. கொஞ்ச நாளில் இருவரும் சமாதானமானார்கள். அந்த வருடக் கோடையில், கலர் பூசிய புதுக் கண்ணாடி ஒத்துக்கொண்டது. ஆபரேஷன் செய்யாத கண்ணை மறைத்துக்கொண்டு, சரியான கண்ணால் மட்டும் பார்த்து வேலைபார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு, கலர்கள் கலர்களாகத் தெரிந்தன. பிரஷ் மறுபடி ஓடியது.

ஆனாலும் படங்கள் ஸ்டூடியோவைவிட்டு நகரவில்லை. காயட்டும், இன்னும் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று நாட்கள் போயின. 1926-ல் உடம்பு விழுந்தது. நுரையீரலில் புற்றுநோய். டிசம்பர் 5-ம் தேதி, 86 வயதில், ஜிவெர்னி வீட்டில் மோனே இறந்தார். சவப்பெட்டியின் மேல் போர்த்தியிருந்த கறுப்புத் துணியை கிளெமென்சோ எடுத்துவிட்டு, பூப்போட்ட துணி ஒன்றைப் போர்த்தினார் என்று சொல்வார்கள்.

அதுக்குப் பிறகுதான் படங்கள் பாரிஸுக்குப் போயின. 22 கேன்வாஸ்கள், எட்டுப் பெரிய காட்சிகளாக, முட்டை வடிவத்தில் கட்டிய இரண்டு அறைகளின் சுவரில் நேரடியாக ஒட்டப்பட்டன. மொத்த நீளம் 90 மீட்டருக்கும் மேல். 1927 மே 17-ம் தேதி திறப்பு விழா. கூட்டம் அலைமோதியதா? இல்லை. ரொம்ப வருடங்கள் அந்த அறைகளில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1960-களில் மேலே ஒரு மாடி கட்டி, கூரை வழியே வந்த இயற்கை வெளிச்சத்தையும் அடைத்துவிட்டார்கள். 2006-ல்தான் அதை அகற்றி, வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று அந்த அறைகளுக்குப் போகிறவர்கள், நடுவில் போட்டிருக்கும் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். மேகம் நகர்ந்தால் சுவரில் குளமும் நிறம் மாறும்.

உங்க கட்டிலுக்கு அடியில என்ன இருக்கு?

மோனேவுக்குப் பாதிப் படத்தைத் தாண்டும் மந்திரம் எதுவும் தெரிந்திருக்கவில்லை. அவரிடம் இருந்தது சில பழக்கங்கள். ஒரு படம் மக்கர் பண்ணினால் வேறொன்றை எடுத்தார். ஈரம் காயும்வரை காத்திருந்தார். மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்பி வந்தார். சோறு போட்டு, கேன்வாஸ் தூக்கி, கூடவே நிற்க பிளான்ஷ் இருந்தார். திட்டுவதற்கு ஒரு நண்பர் இருந்தார். அந்தப் பழக்கங்களை மீறிக் கோபத்தில் கத்தியை எடுத்த நாட்களில் இழந்தவை, இன்றுவரை இழந்தவையாகவே இருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. ஒராஞ்சரியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் பார்ப்பது, வரைந்தவர் கடைசிவரை முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளாத படங்களை. அவர் கண்ணுக்கு அவை நடுக்கட்டத்திலேயே இருந்தன.

அதனால, சுவர் பக்கம் திருப்பி வைத்த அந்தப் படத்தை இன்னைக்கே முடிக்க வேண்டிய அவசியம் இல்லை. தூசி தட்டி, வெளிச்சம் படுகிற இடத்தில் வையுங்கள். ரெண்டு நாள் போகிற வழியில் சும்மா பாருங்கள். அந்தச் சிமென்ட் தரை தண்ணீராக மாற எந்த இடத்தில் கொஞ்சம் வானம் தேவை என்று, மூணாவது நாள் கண்ணுக்குத் தட்டுப்படலாம். பிரஷ்ஷை அப்போ எடுத்தால் போதும்.